தொண்டு நிறுவனத்தில் பாராலீகல் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்ட உதவி தரும் தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பாராலீகலை, அதாவது வழக்கறிஞராக இல்லாமல் சட்ட வேலைகளில் உதவும் பணியாளரை, அதிகம் சறுக்க வைப்பது, எப்படியாவது உதவிவிட வேண்டும் என்ற அவசரம்தான். அந்த அவசரத்தின் விலையைக் கொடுப்பவர் கட்சிக்காரர்.

"என் கேஸ் ஜெயிக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவது இதில் முதன்மையான தவறு. தனியார் சட்ட அலுவலகத்தில் வக்கீல் பக்கத்து அறையில் இருப்பார். இங்கே ஒரே வக்கீல் ஏகப்பட்ட ஃபைல்களைக் கவனிப்பார். கட்சிக்காரர் அடிக்கடி பார்ப்பது பாராலீகலைத்தான். "இந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விதிகள் இத்தனை நாள் தருகின்றன" என்பது தகவல். "நீங்கள் மேல்முறையீடு செய்யுங்கள், கிடைத்துவிடும்" என்பது சட்ட ஆலோசனை. பல நாடுகளில் வழக்கறிஞர் உரிமம் இல்லாதவர் ஆலோசனை சொல்வது குற்றம். கேள்வியைக் கேட்டவரின் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், வக்கீலிடம் கேளுங்கள், அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே தெரிவியுங்கள். தெரிவித்த தேதியை ஃபைலில் குறித்து வையுங்கள்.

எல்லை எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதையும் அறிய வேண்டும். சியரா லியோனின் 2012 சட்ட உதவிச் சட்டம் பாராலீகல்களை முறைப்படி அங்கீகரிக்கிறது. அமெரிக்கக் குடியேற்ற வழக்குகளில், அரசின் நீதித் துறை (Department of Justice) அங்கீகரித்த தொண்டு நிறுவனத்தில் பணியாற்றி, தனக்கும் அங்கீகாரம் பெற்ற ஒருவர் வழக்கறிஞராக இல்லாமலே கட்சிக்காரருக்காக வாதாடலாம். குடியேற்ற நீதிமன்றத்திலும் ஆஜராக முழு அங்கீகாரம் தேவை. பகுதி அங்கீகாரம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் முன் மட்டும் செல்லும். உங்கள் நாட்டில் இப்படியொரு வழி இருந்தால் சேர்ந்த முதல் ஆண்டிலேயே விசாரியுங்கள். இந்தத் துறையில் மேலே போக அதைவிட நல்ல படி கிடைப்பது அரிது.

அடுத்த தவறு, வந்தவரின் கதையை முதலில் கேட்பது. மனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் நலன் முரண் சோதனைதான், அதாவது எதிர்த்தரப்பு ஏற்கெனவே நம்மிடம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான், முதலில் வர வேண்டும். ஒரே பகுதியில் வேலை செய்யும் நிறுவனத்துக்குக் கணவர் போன மாதம் வந்திருப்பார், மனைவி இன்று வருவார். இருவரின் ரகசியத்தையும் கேட்டுவிட்டால், இருவருக்குமே உதவ முடியாமல் போகலாம். எனவே வந்தவரின் பெயர், பழைய பெயர், வேறு எழுத்துக்கூட்டல்கள், முகவரி, எதிர்த்தரப்பின் பெயர் ஆகியவற்றை மட்டும் வாங்கித் தேடிப் பாருங்கள். தடை இல்லை என்று உறுதியான பிறகு விவரத்துக்குப் போகலாம். மொழிபெயர்க்க வீட்டாரை உட்கார வைப்பதும் ஆபத்து. குடும்ப வன்முறை வழக்கில், கூட வந்த உறவினர் முன்னால் உண்மை வெளியே வராது.

கெடு தவறினால் மிக வலுவான வழக்கும் அதோடு முடியலாம். நோட்டீசில் அச்சான தேதியும் அது கைக்கு வந்த தேதியும் வேறு வேறு. எதிலிருந்து எண்ணுவது, முதல் நாள் சேருமா, கடைசி நாள் விடுமுறையானால் என்ன என்பதெல்லாம் அந்தந்த நீதிமன்ற விதியைப் பொறுத்தது. பழைய ஃபைலைப் பார்த்து எண்ணாதீர்கள். கட்சிக்காரர் நோட்டீசை எடுத்து வரும்போது உறையைத் தூக்கிப் போட்டிருப்பார். முதல் தொலைபேசி அழைப்பிலேயே "கவரையும் கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். தபால் முத்திரை தெரியும்படி உறையின் இரு பக்கங்களையும் நகலெடுத்து நோட்டீசோடு சேர்த்து வையுங்கள். கணக்கிட்ட கெடுவை வக்கீல் சரிபார்த்த பின் இரண்டு நாட்காட்டிகளில் ஏற்றுங்கள்: உங்களுடையது ஒன்று, அலுவலகப் பொது நாட்காட்டி ஒன்று. 30, 7, 2 நாட்களுக்கு முன் நினைவூட்டல் வரட்டும். ஒருவர் விடுப்பில் போனதால் கெடு தவறுவது இதனால் நிற்கும்.

ஒரிஜினல் ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நகலெடுத்து, அன்றே திருப்பிக் கொடுத்து, கையொப்பம் பெறுங்கள்.

நன்கொடையாளருக்கான அறிக்கையை மாதக் கடைசிக்குத் தள்ளிப் போடுவது பலரும் செய்வது. வழக்கின் வகை, செய்த உதவி, செலவான நேரம், முடிவு ஆகியவற்றை அன்றன்றே பதியாவிட்டால் எண்கள் ஊகமாகிவிடும். அடுத்த ஆண்டு நிதி அந்த எண்களை நம்பித்தான் வருகிறது; உங்கள் சம்பளமும் பெரும்பாலும் அதிலிருந்துதான். வேலைக்குச் சேரும்போதே இந்தப் பணியிடத்துக்கு எந்த நிதி, எப்போது முடிகிறது என்று தயங்காமல் கேளுங்கள். அறிக்கையில் கட்சிக்காரரின் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. வயது, தொழில், வசிக்கும் இடம் மூன்றும் சேர்ந்தால் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் யாருடைய கதையும் வெளியே போகக் கூடாது.

சொந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதும் கூடாது. நள்ளிரவு அழைப்புகள் உங்களைச் சில மாதங்களில் களைக்க வைக்கும். வழக்கு விவரங்களும் அலுவலகப் பதிவில் ஏறாமல் உங்கள் கைப்பேசியிலேயே தங்கிவிடும்.

வேலை தேடும்போது "பாராலீகல்" என்ற பெயரை மட்டும் தேடினால் பாதி வாய்ப்புகள் கண்ணில் படாது. வழக்கு உதவியாளர், சட்ட உதவி ஒருங்கிணைப்பாளர், குத்தகைதாரர் உரிமைப் பணியாளர் என்று பல பெயர்களில் இதே வேலை இருக்கிறது. நேர்முகத்தில் எழுத்து மாதிரி கேட்டால், பழைய அலுவலகத்தின் மனுவில் பெயரை அழித்துக் கொடுக்காதீர்கள். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற முடிவுக்கு எதிரே இருப்பவர் உடனே வந்துவிடுவார். கற்பனை விவரங்களை வைத்து இரண்டு பக்கத்தில் ஒரு நிகழ்வு வரிசையும் ஒரு பிரமாணப் பத்திர வரைவும் புதிதாக எழுதி எடுத்துச் செல்லுங்கள்.