புல்லியைச் சின்னதாக்கும் முன்: பிக்அப்பில் சூப்பர்சார்ஜர் மாட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வரும் தம்பிகள் பலர் வண்டியோடு வருவதில்லை, கைப்பேசியோடு வருகிறார்கள். அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலில் பிக்அப்புக்கு சூப்பர்சார்ஜர் (இன்ஜின் பெல்ட்டால் சுற்றி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) மாட்டும் காணொளி அதில் ஓடும். “அண்ணே, இத நாமளே பண்ணலாமா?” இன்னொரு பக்கம், பெர்த்துக்குக் குடிபோன சொந்தக்காரப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்புகிறார்கள். அங்கே பெட்ரோல் பிக்அப் உண்டு, கராஜ் உண்டு. நான் அந்த ஊர்ப் பட்டறையில் சில வருடங்கள் இருந்தவன் என்பதால் சந்தேகமெல்லாம் என்னிடம் வருகிறது. நான் ஒரு காலத்தில் பண்ணிய கூத்துகளையே இவர்களும் பண்ணுகிறார்கள், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கு, பேட்டரி ஒயரைக் கழற்று, திறந்த இன்டேக் துவாரத்துக்குள் நட்டு விழாமல் மூடி வை என்பதெல்லாம் கிட்டோடு வரும் கையேட்டிலேயே இருக்கும். அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை.

சிங்கப்பூர் டீசல் வண்டிக்கு இதைக் கேட்பது

இங்கே ஓடும் பிக்அப் பெரும்பாலும் டீசல், அதிலும் ஏற்கெனவே டர்போ உள்ளது. அதன் தலையில் இன்னொரு காற்றமுக்கியை ஏற்றுவதில் பெரிய லாபம் இல்லை. தவிர, இன்ஜினில் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி முதலில் வேண்டும். இலகு ரக சரக்கு வாகனம் பத்து வயது வரை ஆண்டுதோறும், அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போக வேண்டும் என்பதால் ஒளித்து வைத்து ஓட்டவும் முடியாது. பின்பக்கம் வேக வரம்பு ‘70’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிக்கு எதற்கு இது என்று நான் கேட்டால் தம்பிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இனிமேல் சொல்வதெல்லாம் வெளிநாட்டில் பெட்ரோல் பிக்அப் வைத்திருப்பவர்களுக்கு.

சின்னப் புல்லி

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான்: பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சின்னதாக்குவது.

கதை ஒரே மாதிரிதான் நடக்கும். நல்ல கிட் ஒன்றை வாங்கி ஒழுங்காக மாட்டுவார்கள். வண்டி அருமையாக ஓடும். இரண்டு மாதத்தில் அந்த வேகம் பழகிவிடும். அப்போது ஏதாவது ஒரு கடையின் விளம்பரம் கண்ணில் படும்: இன்னும் சின்னப் புல்லி, இன்னும் பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்), அரை மணி நேர வேலை. விலையும் கிட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பெல்ட்டைக் கழற்றி, பழைய புல்லியை உருவி, புதியதைப் போட்டு, கொஞ்சம் குட்டையான பெல்ட்டை மாட்டினால் முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். இன்ஜினின் கிராங்க் புல்லி 7 அங்குலம், சூப்பர்சார்ஜர் புல்லி 2.8 அங்குலம் என்றால் சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் ரோட்டர் இன்ஜினைவிட இரண்டரை மடங்கு வேகமாகச் சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் இருக்கும்போது ரோட்டர் 13,750. புல்லியை 2.5 ஆக்கினால் அதே இடத்தில் 15,400. காற்று கூடுகிறது, சரி. அந்தக் காற்றுக்கேற்ற பெட்ரோல் எங்கிருந்து வரும்?

பெட்ரோல் கூடாதது மட்டுமில்லை, குறையவும் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டேங்குக்குத் திரும்பும் குழாய் இல்லாத எரிபொருள் அமைப்புகள் பலவற்றில், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாயின், அதாவது ரெயிலின் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும். அது 44 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டியில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் இன்ஜெக்டர் அந்த 44 முழுவதையும் வைத்துப் பீய்ச்சும். 8 பி.எஸ்.ஐ. பூஸ்ட் வந்துவிட்டால் எதிரில் 8 தள்ளிக்கொண்டு நிற்கும், மிச்சம் 36தான். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் கிட்டத்தட்ட பத்து சதவீதம் பெட்ரோல் குறையும். சிலிண்டருக்குள் காற்று கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும் நேரத்தில் இது நடக்கிறது.

அதனால் கலவை மெலிகிறது. பெட்ரோலுக்கு ஏட்டுக் கணக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். பூஸ்ட்டில் முழு மிதியில் போகும்போது அது 11.5 முதல் 12 வரை இருக்க வேண்டும். உபரி பெட்ரோல்தான் அறையைக் குளிர வைக்கிறது. 13-ஐத் தாண்டினால் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும், பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு உடையும். பல வண்டிகளில் இருக்கும் சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் 14.7-க்குப் பக்கத்தில் மட்டும்தான் சரியாகப் படிக்கும். 12-க்கும் 13-க்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. அதனால்தான் இந்த வித்தியாசத்தையும் படிக்கும் வைட்பேண்ட் மீட்டர் வேண்டும் என்கிறோம்.

இதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. நாக்கிங் லேசாகத் தொடங்கியதுமே நாக் சென்சார் அதைக் கேட்டு, இன்ஜின் கணினியான இசியு இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துவிடும். இன்ஜின் தப்பிக்கும், கூடவே சக்தியும் குறையும். ஓட்டுகிறவருக்கு “புல்லி போட்டும் பெரிசா ஒண்ணும் தெரியலையே” என்று தோன்றும். தோன்றியதும் இன்னும் சின்ன புல்லிக்கு ஆர்டர் போடுவார்!

பெர்த்தில் இருக்கும் என் சொந்தக்காரப் பையன் ஒருவனின் ஹைலக்ஸ், 4 லிட்டர் வி6, இப்படித்தான் போனது. காலியாக ஓட்டும்போது எதுவும் ஆகவில்லை. ஊருக்குள் முழு மிதி என்பது நாலைந்து விநாடி, அதற்குள் சிக்னல் வந்துவிடும். ஒரு நாள் படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு நீண்ட மேட்டில் மிதித்தபடியே போயிருக்கிறான். மேலே போய்ச் சேர்வதற்குள் ஆயில் குச்சித் துவாரம் வழியே புகை. ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் சுத்தமாக இல்லை. “பூஸ்ட் மீட்டர் கரெக்டாத்தான் காட்டுச்சு மாமா” என்றான். வைட்பேண்ட் எங்கே என்று கேட்டேன். வாங்கி வைத்திருக்கிறான், பெட்டி பிரிக்காமல் பின்சீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. புல்லியை முதலில் போட்டுப் பார்க்கலாம், மீட்டரை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். புது பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்துக் கிட்டின் விலையைத் தாண்டிவிட்டது.

விற்ற கடையின் மேல் எனக்கு அவனைவிடக் கோபம். அவர்களுடைய விளம்பரப் பக்கத்தில் எங்குமே இன்ஜெக்டர் என்ற சொல் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கலும் இல்லை. பழைய 3.4 லிட்டர் டொயோட்டா பிக்அப்புகளுக்கு டொயோட்டாவின் பந்தயப் பிரிவான டிஆர்டியின் சூப்பர்சார்ஜர் வந்தபோதே சின்னப் புல்லிக் கூட்டம் இதே குழியில் விழுந்தது. பிறகு டிஆர்டியே ஏழாவது இன்ஜெக்டர் என்று ஒரு தனி கிட் விற்றது: ஆறு சிலிண்டருக்கு ஏழு இன்ஜெக்டர், கூடுதலானது பூஸ்ட்டில் மட்டும் பீய்ச்சும். நிஸ்ஸான் 2001-இல் ஃப்ரன்டியர் பிக்அப்பின் 3.3 லிட்டர் வி6-க்கு ஆலையிலேயே சூப்பர்சார்ஜர் வைத்தபோது 170 குதிரைத்திறன் 210 ஆனது. அவர்கள் இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதத்தையும் (சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது) 8.9-இலிருந்து 8.3-க்கு இறக்கினார்கள். தயாரித்த நிறுவனமே இவ்வளவு பயந்து பயந்து 40 குதிரை ஏற்றியிருக்கிறது.

ஆகவே வரிசை இது: முதலில் வைட்பேண்ட். அடுத்து, இப்போதைய புல்லியிலேயே இன்ஜினின் உச்ச வேகம் வரை கலவை என்ன, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, ரெயில் அழுத்தம் இறங்குகிறதா என்று பதிவெடுப்பது. இன்ஜெக்டர் 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே இருந்தால் பெரிய இன்ஜெக்டர், தேவைப்பட்டால் பம்ப். அதற்கேற்ற டியூனிங் (இசியு அமைப்பைத் திருத்துவது). இவ்வளவும் முடிந்த பிறகு புல்லி.

பூஸ்ட் எண்ணைச் சக்தி என்று நினைப்பது

தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும், தண்ணீர் கூடுதலாக வராது. பூஸ்ட்டும் அந்த மாதிரி, இன்ஜின் விழுங்க முடியாமல் இன்டேக்கில் தேங்கும் காற்றின் அழுத்தம். நல்ல எக்ஸாஸ்ட் ஹெடர் (புகை சுலபமாக வெளியேறும் குழாய்) மாட்டினால் மீட்டரில் பூஸ்ட் குறையும், வண்டி வேகமாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பெல்ட்டை முடுக்குகிறவர்கள் உண்டு.

பெல்ட்

இன்ஜின் உச்ச வேகத்தை நெருங்கும்போது பூஸ்ட் சரிந்தால் முதலில் பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் இருக்கும். பதில், பெல்ட் புல்லியை அதிகம் தழுவும்படி ஐட்லரை (பெல்ட்டைத் திருப்பும் சின்னச் சக்கரத்தை) மாற்றுவது. டென்ஷனை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் சூப்பர்சார்ஜர் மூக்குப் பேரிங் ஊளையிடத் தொடங்கும்.

ஸ்பார்க் பிளக்

ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி கொஞ்சம் குறைவு. பழையதையே வைத்து ஓட்டாதீர்கள்.

சூட்டைக் கணக்கில் எடுக்காதது

நம்மூர் மதியம் 32 டிகிரி. அந்தக் காற்றை 8 பி.எஸ்.ஐ.க்கு அமுக்கினால், ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜருக்கு 60 சதவீதத் திறன் என்று தாராளமாக வைத்தாலும், வெளியே வரும்போது 95 டிகிரிக்கு மேல் இருக்கும். பெர்த் கோடையில் தொடக்கமே 40. சூடான காற்றில் நாக்கிங் சீக்கிரம் வரும். அந்தக் காற்றைக் குளிர வைக்கும் தண்ணீர் இன்டர்கூலர் உள்ள கிட்டில் பம்ப் ஓடுகிறதா, குழாயில் காற்றுக் குமிழி நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்டர்கூலர் தண்ணீரின் மூடியைத் திறந்து தண்ணீர் நகர்கிறதா என்று பார்த்தால் போதும். டியூன் பண்ணும்போதும் காலைக் குளிரில் ஒரு முறை ஓட்டிவிட்டு முடித்துவிடாதீர்கள். நல்ல வெயிலில், சிக்னலில் பத்து நிமிடம் நின்று இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பதிவெடுங்கள்.

பைபாஸ் வால்வின் வேக்கம் குழாயை மாற்றிச் சொருகுவது

பைபாஸ் வால்வு என்பது பூஸ்ட் தேவையில்லாதபோது காற்றைச் சுற்றி விடுவது. பூஸ்ட்டே வரவில்லை அல்லது சும்மா நிற்கும்போதே சூடாகிறது என்றால் பிரித்து மேய்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

98-க்கு டியூன் பண்ணிவிட்டு ஊர் சுற்றுவது

சிங்கப்பூரில் வளர்ந்தவருக்கு இது மண்டையில் ஏறாது. இங்கே 95, 98 ஆக்டேன் பெட்ரோல் சுலபமாகக் கிடைக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் நகரத்தை விட்டு வெளியே போனால் பல ரோட்ஹவுஸ்களில் 91-உம் டீசலும் மட்டும்தான். 98-க்கு முழு டைமிங் கொடுத்த இன்ஜினில் 91 ஊற்றிச் சுமை இழுத்தால் சின்னப் புல்லி செய்த வேலையை இதுவும் செய்யும். டியூனரிடம் 91-க்கு ஒரு தனி மேப் (இசியு அமைப்பு) கேளுங்கள். இல்லையென்றால் 98-ஐக் கேனில் கொண்டு போங்கள். வேறு வழியே இல்லாமல் 91 ஊற்றினால் பூஸ்ட் மீட்டர் முள் பூஜ்யத்தைத் தாண்டாத அளவுக்கு மிதித்து அடுத்த நல்ல பம்ப் வரை போங்கள்.

சூப்பர்சார்ஜர் ஆயில்

பல மாடல்களில் அதற்கெனத் தனி ஆயில், இன்ஜின் ஆயில் இல்லை. பழைய வண்டியோடு வாங்கிய சூப்பர்சார்ஜர் என்றால், மாட்டுவதற்கு முன்பே உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள்.