தரைக்கு மேலா, கீழா: டல்லாஸ் பக்கத்து வீட்டுக்கு டொர்னேடோ ஷெல்டர்

டொர்னேடோ என்ற சுழல்காற்று வரும்போது ஒதுங்கும் ஷெல்டர் பூமிக்கு அடியில் இருந்தால்தான் பத்திரம் என்ற எண்ணத்தை முதலில் தள்ளிவையுங்கள். ஐசிசி 500 என்ற அமெரிக்கப் புயல் ஷெல்டர் தரப்படி செய்த அறை மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், டல்லாஸ் வட்டாரம், ஓக்லஹோமாவின் பெரும்பகுதி போன்ற இடங்களில் மணிக்கு 250 மைல் (சுமார் 400 கி.மீ.) காற்றைத் தாங்க வேண்டும். 15 பவுண்டு மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் சுவரிலும் கதவிலும் பாய்ச்சிச் சோதிப்பார்கள். லபக்கில் உள்ள டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போனது. 2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரை இஎஃப் 5 (டொர்னேடோ அளவுகோலில் உச்ச வகை) டொர்னேடோ துடைத்துப் போட்டபோது, சுற்றிலும் வீடுகள் தரைமட்டமான இடத்திலும் தரைமேல் ஷெல்டர்கள் நின்றன.

"ஃபீமா அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது விற்க வந்தால் உஷாராகுங்கள். ஃபீமா என்பது அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு; அது வழிகாட்டி வெளியிடுமே தவிர, எந்தத் தயாரிப்புக்கும் அங்கீகாரம் தருவதில்லை. சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் சுவர் மட்டுமல்ல, கதவு, கீல், தாழ்ப்பாள், நிலை எல்லாம் ஒரே தொகுப்பாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கிய சாதாரண இரும்புக் கதவைப் பொருத்தினால் அறை எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. இத்தகைய அறைகளில் முதலில் பெயர்ந்துபோவது கதவுதான். மூன்று தாழ்ப்பாள் இருந்தால் மூன்றையும் போட வேண்டும்.

அடுத்து, உங்கள் ஸ்லாப் (வீடு நிற்கும் கான்கிரீட் தளம்) என்ன வகை? இந்தப் பக்கத்துப் புது வீடுகள் பலவும் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் மேல் நிற்கின்றன: கான்கிரீட்டுக்குள் எஃகுக் கேபிள்களை முறுக்கேற்றி இழுத்துக் கட்டியிருப்பார்கள். கராஜ் சுவரிலோ தரையிலோ இதற்கான முத்திரையோ அறிவிப்போ இருக்கலாம். இல்லாவிட்டால் வீட்டு வரைபடத்தைப் பாருங்கள். அறுக்கும்போது கேபிள் அறுந்தால் ஆளைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கும், ஸ்லாப்பும் பலமிழக்கும். ஆகவே பொறியாளர் கையெழுத்தில்லாமல் கராஜ் தரையை வெட்டிக் குழி ஷெல்டர் இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். தரைமேல் அறைக்கு ஆங்கர் (அறையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்) துளை போடும் முன்னும் ரேடார் ஸ்கேன் எடுத்து, கேபிள் போகும் இடங்களைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள்.

ஆங்கர் எத்தனை, என்ன தடிமன், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். அதில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது. ஸ்லாப் விளிம்புக்கோ விரிசலுக்கோ மிக அருகில் போட்டால், காற்று தூக்கும்போது ஆங்கர் கான்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். ஸ்லாப்பின் தடிமன் போதுமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

கொல்லையில் புதைக்கும் ஷெல்டருக்குப் பகை காற்றல்ல, தண்ணீர். 6க்கு 8 அடி, 5 அடி உயரம் உள்ள பெட்டி 240 கன அடி. சுற்றியுள்ள மண் முழுக்க நீர் ஊறினால், அதை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 15,000 பவுண்டு. எடை குறைந்த ஃபைபர்கிளாஸ் பெட்டியைக் கான்கிரீட் வார்த்து இறுக்கிக் கட்டாவிட்டால் தோட்டத்தில் படகு மாதிரி மேலே எழும்பி நிற்கும். டல்லாஸின் கரிசல் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த இழுபறியில் மூட்டுகள் கசியும். வெள்ள அபாயப் பகுதி என்றால் புதைக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள். தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற எண்ணை அழைத்தால் எரிவாயு, மின் குழாய்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

பிறகு ஆட்கள். எச்சரிக்கை வந்ததிலிருந்து பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. சில நேரம் அதுவும் கிடைக்காது. நள்ளிரவில், ஆலங்கட்டி மழையில் கொல்லைக் கதவைத் திறந்து, ஈரப் படியில் இறங்குவது ஊரிலிருந்து வந்திருக்கும் மூட்டுவலி அம்மாவுக்கு நடக்கிற காரியமா? வீட்டில் மெதுவாக நடப்பவர் படுக்கையிலிருந்து ஷெல்டருக்குள் போய்த் தாழிடும் வரை கடிகாரம் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் கராஜிலோ உள் அலமாரி அறையிலோ தரைமேல் அறைதான் சரி. எல்லாரும் ஏறி இறங்கக்கூடியவர்கள், ஸ்லாப் சாதாரணமானது, கராஜில் இடமில்லை என்றால் தரைக்குள் இறக்கும் வகை நல்ல தேர்வு. இடத்தை அடைக்காது, மேலே காரும் நிறுத்தலாம். ஆனால் காரிலிருந்து பெட்ரோல் உள்ளே சொட்டாதா, கார் நின்றபடியே மூடி நகர்ந்து திறக்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவு: ஆளுக்கு 3 சதுர அடி என்பது குறைந்தபட்சம். ஆறு பேருக்கு 18 என்று கணக்கு வந்தாலும் 4க்கு 6 அடிக்குக் கீழே போகாதீர்கள். உட்கார இடம் வேண்டும், பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் வரக்கூடும்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவையோ மேல்மூடியையோ இடிபாடு வந்து அடைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு ஹைட்ராலிக் ஜாக், கடப்பாரை, விசில், மூடிய காலணி, ஹெல்மெட், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ இருக்கட்டும். எஃகுப் பெட்டிக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம். நகராட்சியில் ஷெல்டர் பதிவேடு இருந்தால் இடத்தைப் பதிவு செய்துவிடுங்கள். மீட்புக் குழு அதைப் பார்த்துத்தான் தேடும்.

மானியம் எதிர்பார்ப்பவர்கள் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் முன் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஓக்லஹோமாவின் சூனர்சேஃப் திட்டத்தில் விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.