பழைய மரப்படகைப் புதுப்பித்தலும் பராமரித்தலும்

பழைய மரப்படகு கைக்கு வந்ததும் பலரும் முதலில் வார்னிஷைத்தான் தேடுகிறார்கள். உண்மையில் பூச்சு கடைசி வேலை. மரம் உலர்ந்து திடமாக இருக்கிறது என்று தெரியும்வரை தூரிகையைத் தொடக் கூடாது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை, அதை உளுக்கச் செய்யும் பூஞ்சையால் வளர முடியாது. கடல்நீரைவிட, மேல்தளத்தின் இடுக்குகள் வழியே இறங்கி உள்ளே தேங்கும் மழைநீர்தான் படகுக்குப் பெரிய பகை. ஆகவே தளமும் பக்கப் பலகையும் சேரும் மூலைகள், பலகைகளைத் தாங்கும் வங்குகளின் அடிப்பகுதி, பின்பக்கப் பலகையின் ஓரங்கள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிப்பதோடு, கூரான ஊசியை எளிதில் உள்ளே விடும். அத்தகைய பகுதியைப் பசை ஊற்றி மறைக்காமல், நல்ல மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, அதே வகை மரத்தால் ஒட்டுப்போடுவதே முறை.

பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. சோதித்துப் பார்க்காமல் அதை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. ஈயம் இருந்தால், தகுந்த முகமூடி அணிந்து, ஈரப்படுத்திச் சுரண்டி, கழிவைத் தனியே சேகரிக்க வேண்டும். வார்னிஷை வெப்பக்காற்றால் இளக்கி, கூர்மையான சுரண்டியால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே எடுக்கலாம். கருமையான நீர்க்கறைகளை ஆக்சாலிக் அமிலக் கரைசல் வெளுக்கும். அது நச்சுப்பொருள் என்பதால் கையுறை கட்டாயம், பிறகு நல்ல நீரால் பலமுறை அலசி முழுவதும் உலரவிட வேண்டும். இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்க்கவே வேண்டாம். மரத்தில் சிக்கும் துணுக்குகள் பின்னர் துருப்பிடித்துப் புள்ளிகளாகத் தெரியும்.

80, 120, 220 என்ற எண்களின் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் நயமாகும்) உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்தபின், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படகு வார்னிஷின் முதல் பூச்சை, அதற்குரிய தின்னரைச் சம அளவு கலந்து பூசினால் அது மரத்துக்குள் நன்றாக இறங்கும். அடுத்தடுத்த பூச்சுகளில் தின்னரைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 அல்லது 320 தாளால் மெல்லத் தேய்த்து, குறைந்தது 6 பூச்சுகள் கொடுக்க வேண்டும். நேர்வெயிலும் பனி இறங்கும் மாலையும் இதற்கு ஆகாது. வெயிலில் மேற்பரப்பு மட்டும் முந்திக் காய்ந்து சுருங்கும், பனியில் பளபளப்பு மங்கிவிடும். இந்த வேலையில் அவசரம் காட்டும் இடமெல்லாம் அடுத்த பருவத்திலேயே உரிந்து வருவதால், பொறுமையைத்தான் முதல் கருவியாகக் கருதுகிறேன்.

பிறகு, வார்னிஷ் உரியும்வரை காத்திராமல், பளபளப்பு குறையத் தொடங்கும்போதே தேய்த்து ஓரிரு பூச்சுகள் சேர்த்துவந்தால் மரத்தை மீண்டும் வெறுமையாக்க நேராது. உப்பை நல்ல நீரால் கழுவுங்கள். காற்று புகும்படி மூடி வையுங்கள்.

பலகைகளுக்கிடையே பஞ்சுத்திரி அடைத்த படகு நெடுநாள் கரையில் இருந்தால் பலகைகள் சுருங்கி இடுக்குகள் திறந்துகொள்ளும். அப்போது திரியை மேலும் இறுக்கி அடைத்தால், நீரில் பலகைகள் உப்பும்போது வங்குகள் முறியக்கூடும். இடுக்கை மென்மையான மக்கால் (இடுக்கு அடைக்கும் பூச்சுப்பசை) மட்டும் நிரப்பி, படகைத் தூக்கி இறக்கும் வார்ப்பட்டைகளிலேயே தாங்கவைத்து நீரில் இறக்கி, இறைப்பு பம்பைத் தயாராக வைத்துக்கொண்டு, பலகைகள் ஊறி இறுகும்வரை கண்காணிக்க வேண்டும்.