ஃப்ரீமேசன் சங்கத்தில் புதியவருக்குச் சடங்கைப் புரியவைக்க

ஃப்ரீமேசன் என்பது கல்தச்சர்களின் கருவிகளை அடையாளமாக வைத்து ஒழுக்கம் சொல்லித்தரும் சகோதரச் சங்கம். அதன் லாட்ஜில், அதாவது உள்ளூர்க் கிளையில், மூன்று படிகளில் முதல் படியில் ஒருவர் சேரும்போது கண்களைக் கட்டித்தான் உள்ளே அழைத்து வருவார்கள். சுற்றி நடந்ததில் பாதிகூட அவருக்குப் பிடிபட்டிருக்காது. அதனால் அன்றிரவே விளக்கம் சொல்ல உட்காராதீர்கள். பதற்றத்தில் எதுவும் மனதில் நிற்காது.

ஒரு வாரத்துக்குள், கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, அதே அறைக்குக் கூட்டிப்போங்கள். என்ன நினைவிருக்கிறது என்று முதலில் அவரைப் பேச விடுங்கள். நின்ற இடம், நடந்த பாதை எல்லாவற்றையும் இப்போது கண் திறந்து பார்க்கட்டும். அப்புறம் கருவிகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். 24 அங்குல அளவுகோல் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது. வழிபாடு, உழைப்பு, ஓய்வு, பிறருக்கு உதவி என்று அதைப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறது. சுத்தியல், செதுக்காத கல்லின் முரட்டு முனைகளைத் தட்டி நீக்க. அந்தக் கல் அவரேதான். ஆனால் இதை நீங்கள் சொல்லிவிடாமல், "இந்தக் கல் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். தானே கண்டுபிடித்தால் மறக்கவே மாட்டார்.

அடுத்த இரண்டு படிகளைப் பற்றி ஆவலாகக் கேட்பார். சொல்லாதீர்கள், அந்த அனுபவத்தைக் கெடுத்துவிடும். மனப்பாடம் செய்யவேண்டிய கேள்வி பதில்களை மட்டும், பொருள் புரிந்தபிறகு, வாரம் சில வரிகளாகச் சேர்ந்து சொல்லிப் பழகுங்கள்.