மலர் அச்சுக்குப் போகும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பாடசாலை மலரோ கும்பாபிஷேக மலரோ தயாரிப்பவர்களில் பலர், கணினித் திரையில் பக்கம் அழகாகத் தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததென்றே நினைக்கிறார்கள். அந்தப் பக்கம் மையாகிக் கடதாசியில் ஏறி, மடிபட்டு, கட்டுண்டு, கடைசியில் கத்திக்கும் தப்ப வேண்டும் என்பது பிரதி கைக்கு வந்த பின்னரே நினைவுக்கு வருகிறது.

ஏ5 நூலின் வெட்டிய அளவு 148 × 210 மில்லிமீற்றர். அட்டைப் படத்தை அதே அளவோடு நிறுத்தினால், கத்தி மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். ஆகவே ஒரு பக்கத்துக்குரிய படத்தை நாற்புறமும் 3 மில்லிமீற்றர் நீட்டி, 154 × 216 ஆக அமைக்க வேண்டும். இந்த நீட்சியே ‘பிளீட்’. வெளியே நீட்டுவதைப் போலவே, வெட்டுப்படக் கூடாதவற்றை உள்ளே ஒதுக்கவும் வேண்டும். நான் வடிவமைத்த அட்டையொன்றில் கோபுரக் கலசத்தை மேலோரத்தோடு ஒட்டி வைத்திருந்தேன். வந்த பிரதிகள் சிலவற்றில் கலசத்தின் நுனியைக் காணவில்லை. தவறு என்னுடையதே.

நிலாவெளிக் கடலின் நீலம் திரையில் மின்னுவது ஒளியால், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் கலக்கும் ஆர்ஜிபி முறையால். அச்சில் அது சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால், சிஎம்வைகே முறையில் உருவாவதால் சற்று மங்கியே தீரும். அந்த மாற்றத்தை அச்சகத்தின் தலையில் போடாமல், முன்னரே மாற்றிப் பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது.

இதைவிடக் கண்ணுக்குப் படாத தவறொன்று உண்டு. கட்டுரைகளின் வாசக எழுத்தின் கறுப்பு, கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மைகளும் கலந்திருந்தால், மைக்கு ஒன்றாக உள்ள அச்சுத் தகடுகளில் ஒன்று இம்மி பிசகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்; ‘ண’வின் சுழிகள் அடைபட, மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும்.

படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொது விதி. 800 புள்ளி அகலமுள்ள படம் ஏறத்தாழ 6.8 சென்ரிமீற்றர் அகலத்துக்கே தாங்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால், மூலக் கோப்பை ஆவணமாகவே கேட்டு வாங்குங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் பீடிஎப் கோப்புக்குள்ளேயே சேர்த்து உட்பொதிக்கத் தவறினால், தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும் அபாயமுண்டு.

பக்க எண்ணிக்கையையும் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். நடுவே கம்பி அடிக்கும் மலரில் அது நான்கின் மடங்காகவே அமையும். 66 பக்கம் என்றால் 68 ஆக்க வேண்டும். பசையிட்டுக் கட்டும் நூலிலோ, பக்க எண்ணிக்கையும் கடதாசியின் தடிப்பும் உறுதியாகும் வரை முதுகின், அதாவது முன் பின் அட்டைகளுக்கு இடைப்பட்ட பட்டையின், அகலத்தைக் கணிக்க முடியாது. வழமைபோல் கடைசி நாளில் வந்துசேரும் வாழ்த்துச் செய்திகள் பக்கங்களைக் கூட்டினால், முடிந்துவிட்ட அட்டையையும் மீண்டும் திறக்க வேண்டியதுதான்.