காரையில் கடல் புதைபடிவம் தேடுவது: முதல்முறை போகும் குழுவுக்கு

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் ஓடை ஓடையாக அரித்துக் கிடக்கும் களிமேடுகள், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு காலைப்பொழுது தேடினால் ஏதாவது கண்ணில் படும். கண்டதைப் பதிவதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுகின்றன.

போகும் நேரம்

ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணைக் கழுவிப் புதியவற்றை வெளியே காட்டியிருக்கும். மழை பெய்த மறுநாள் வேண்டாம், களி காலைக் கவ்விக்கொள்ளும். காலை ஆறரைக்கே இறங்கிவிடுங்கள். சாய்வெயிலில் படிவத்தின் வரிகள் நிழல்கட்டித் தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் ஒரே வெளுப்பு, ஒதுங்க மரநிழலும் கிடையாது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், சீமைக்கருவேல முள் ஏறாத தடித்த அடியுள்ள ஷூ.

அனுமதி

மேலே கிடப்பதைப் பார்த்து, படமெடுத்து, பதிவதோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. எதையாவது எடுப்பதானால் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமும், பட்டா நிலமானால் உரியவரிடமும் கேளுங்கள். தோண்டவே கூடாது. பக்கத்துச் சாத்தனூர் கல்மரப் பூங்கா தேசியப் புவியியல் சின்னம், அங்கே ஒரு சில்லையும் தொடாதீர்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் எழுத்துமூல அனுமதியின்றி நுழைய வேண்டாம், சுவர் சரியும்.

பைக்குள்

சுத்தியலை வீட்டில் விடுங்கள். காரைக் களிக்கு அது தேவையில்லை, கையில் இருந்தால் உடைக்கத் தோன்றும். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், பெயின்ட் பிரஷ், 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல், ஜிப் கவர், செய்தித்தாள், நோட்டு, பென்சில் போதும். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை ஊறிவிடும்.

தேடும் முறை

ஆளுக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டு, ஓடையின் கீழிருந்து மேல்நோக்கி நடங்கள். உதிர்ந்த துண்டுகள் தண்ணீரோடு கீழே வந்தவை. அவை எந்த உயரத்தில் நின்றுபோகின்றனவோ, அந்த இடத்தை ஒட்டித்தான் படிவ அடுக்கு இருக்கும்.

முதலில் பளபளப்பது ஜிப்சம். அது படிவம் அன்று. நகத்தால் கீறுங்கள், ஜிப்சத்தில் கோடு விழும், ஓடுகளில் இருக்கும் சுண்ணத்தாதுவான கால்சைட்டில் விழாது. துப்பாக்கிக் குண்டு போலப் பழுப்பாகக் கிடப்பவை பெலம்னைட், கணவாயின் பழைய உறவின் உள்ளோடு. உடைந்த முகத்தில் நடுப்புள்ளியிலிருந்து கதிர் கதிராகக் கோடுகள் ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

சுருள் கண்டதும் அம்மோனைட் (கணவாய்க்கு உறவான, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரி) என்று துள்ளாதீர்கள். கடல்புழுக்களின் சுண்ணக் குழாய்களும் சுருண்டே கிடக்கும். அம்மோனைட் ஓட்டில் விலாவரிகளும், உள்ளே அறை அறையான தடுப்புகளும் இருக்கும். புழுக்குழாய் ஒரே நீள் குழல், தடுப்பு இல்லை. பூஜையறைச் சாளக்கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் சட்டெனப் பிடிபடும், அதுவும் அம்மோனைட்தான்.

பதிவது (இதில் அவசரம் வேண்டாம்)

இடம் தெரியாத படிவத்தால் ஆய்வுக்குப் பயனில்லை. எந்த அடுக்கு என்று தெரியாமல் அதன் காலத்தைச் சொல்ல முடியாது.

கண்டவர் கையை உயர்த்தட்டும், யாரும் தூக்க வேண்டாம். 2 மீட்டர் தள்ளி நின்று ஒரு படம், ஸ்கேலை அருகில் வைத்துக் கிட்டத்தில் ஒரு படம். ஸ்கேலுக்குப் பதில் ஒரு ரூபாய் நாணயம் வைக்கிறார்கள். அதில் 25 மி.மீ. விட்டமும் உண்டு, 22 மி.மீ. விட்டமும் உண்டு. எந்த நாணயம் என்று பின்னால் யாருக்கும் நினைவிருக்காது.

போனில் ஜிபிஎஸ் நிலைகொள்ள அரை நிமிடம் விட்டு, அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வரை எழுதுங்கள். 5 இலக்கம் என்றால் சுமார் 1 மீட்டர் துல்லியம். 4 இலக்கத்தோடு நிறுத்தினால் 11 மீட்டர் வரை போகும், அதற்குள் வேறு ஓடையே வந்துவிடும்.

அடுத்து ஒரே சொல்: ‘பதிந்தது’ அல்லது ‘உதிர்ந்தது’. களிக்குள் பாதியாவது புதைந்திருந்தால்தான் பதிந்தது. இந்தச் சொல் விடுபட்டால் ஓடையில் உருண்டு வந்ததையும் அடுக்கில் இருந்ததையும் பிறகு பிரிக்கவே முடியாது.

எண் தரும்போது ஆளுக்கொரு எழுத்து வையுங்கள்: செ-1, செ-2, மு-1. தனித்தனியாக 1, 2, 3 என்று போனால் சாயங்காலம் இரண்டு ஏழாம் எண் இருக்கும்.

பல்லோ எலும்போ தெரிந்தால் அசைக்காமல் படத்தோடு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள். இந்தக் களியில் இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவற்றின் பற்கள் கிடைத்திருக்கின்றன.

பின்சேர்க்கை, மூன்று சிக்கல்கள்

படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதில் பதிந்த இடத்தகவல் அழிந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

அனுமதியோடு எடுத்ததை வாளியில் ஊறப்போடாதீர்கள். களி ஊதிப் பெருத்து ஓட்டைப் பிளக்கும். நிழலில் உலர்த்தி பிரஷால் தட்டினாலே போதும். விரிசலுக்கு ஃபெவிக்விக் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பாரலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்துத் தடவுங்கள், வேண்டும்போது அசிட்டோனாலேயே நீக்கலாம்.

முட்டை வடிவக் கல்லைக் கண்டு டைனோசர் முட்டை என்று செய்தி பரப்பாதீர்கள். 2020-இல் இதே மாவட்டத்துக் குன்னத்தில் அப்படிப் பரவியவை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய உருண்டைகள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் உடைக்காமல் மற்றவை போலவே எண் கொடுத்துப் பதியுங்கள்.