கொழும்பில் டர்க்காய்ஸ் நகை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டியார் தெருவில் தங்கம் வாங்கப் போகிறவர்கள் கரட் என்ன, கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அதே ஆட்கள் வெள்ளி மோதிரத்தில் பதித்த நீலப்பச்சை டர்க்காய்ஸைக் கையில் எடுத்ததும் “இது ஒரிஜினலா?” என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். முதல் தவறு அந்தக் கேள்விதான். “ஓம், ஒரிஜினல்” என்று கடைக்காரர் சொல்லும் பதில் உண்மையாகவே இருக்கலாம். அப்படியிருந்தும் நீங்கள் கூடுதல் விலை கொடுத்திருக்கலாம்.

டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் கலந்த பொஸ்பேற்றுக் கனிமம். நுண்துளைகள் நிறைந்தது, கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 5 முதல் 6 வரைதான். அதனால் சந்தைக்கு வரும் கற்களில் பல, பிசின் ஊட்டி உறுதியாக்கப்பட்டவை. அவையும் டர்க்காய்ஸ்தான், அணிவதற்கும் நல்லவை. ஆனால் எந்தப் பக்குவமும் செய்யாத நல்ல கல்லுக்குரிய விலையை அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது. அதற்குக் கீழே, தூளையும் சில்லுகளையும் பிசினில் குழைத்துக் கட்டியாக்கி வெட்டியவை வருகின்றன. எல்லாவற்றுக்கும் கீழே, ஹவ்லைட், மக்னசைட் போன்ற வெள்ளைக் கற்களுக்குச் சாயம் ஏற்றியவை. ஆகவே கேட்க வேண்டியது, “நானா, இந்தக் கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள்? பிசின் ஊட்டியதா, சாயம் போட்டதா?” என்பதுதான். கிடைக்கும் பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி தயங்க மாட்டார். எழுதித் தர மறுப்பவரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பது வீண் வேலை.

“இது இரத்தினபுரிக் கல், அக்கா” என்று யாராவது சொன்னால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இரத்தினபுரியில் ‘இல்லம்’ என்று சொல்லும், இரத்தினக்கற்கள் கலந்த சரளை மண்ணிலிருந்து நீலக்கல், செவ்வந்திக்கல், வைடூரியம் எல்லாம் கிடைக்கும், டர்க்காய்ஸ் கிடைக்காது. அது வறண்ட நிலங்களில், செம்புச் சத்துள்ள பாறைகளில் உருவாகும் கல். ஈரானின் நிஷாப்பூர், எகிப்தின் சினாய், அமெரிக்காவின் அரிசோனா, சீனாவின் ஹூபே என்று வெளியிலிருந்துதான் வர வேண்டும். அரிசோனாவின் பெயர்பெற்ற ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ சுரங்கம் 2012இல் மூடப்பட்டுவிட்டது. அதன் பெயரைச் சொல்லி மலிவாகத் தந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். டிசம்பர் மாதப் பிறப்புக்கல் என்று டர்க்காய்ஸைத் தேடுகிறவருக்கு ஊர்க் கல்லே வேண்டுமென்றால், அதே மாதத்துக்குரிய சிர்கோன் நம்மிடம் இருக்கிறது. நிறமற்ற சிர்கோனை ‘மாத்தறை வைரம்’ என்று அழைத்த காலம் உண்டு.

புறக்கோட்டை நடைபாதையிலோ காலிமுகத்திடலிலோ மணிமாலை வாங்குகிறவர்கள் மணியின் மேற்பரப்பை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கோர்ப்பதற்காகத் துளைத்த ஓட்டை. மணியைச் சற்றே நகர்த்தி, வெளிச்சத்தில் பிடித்து, துளையின் ஓரத்தைக் கவனியுங்கள். வெளியே நீலமும் உள்ளே சுண்ணாம்பு வெள்ளையுமாக இருந்தால் அது சாயமேற்றிய வேறு கல். பிறகு கறுப்பு, பழுப்புக் கோடுகளைப் பாருங்கள். சாயம் போட்ட கல்லில் கோடுகளை ஒட்டி நீலம் தேங்கி அடர்ந்திருக்கும். மாலையின் எல்லா மணிகளும் ஒரே நீலம், ஒரே மாதிரிக் கோடு என்றால் அது இயற்கையின் வேலை என்று நம்புவது கடினம். இதற்குப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்று போதும்.

சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் வாசனை வருமோ இல்லையோ, நல்ல கல்லில் தழும்பு நிச்சயம். அசிட்டோன் தொட்ட பஞ்சால் பின்பக்கத்தைத் துடைப்பதும் முழுத் தீர்ப்பல்ல: நீலம் பஞ்சில் ஒட்டினால் சாயம் உறுதி, ஒட்டாவிட்டால் மேலே பிசின் பூசியிருக்கலாம். அதையும் கடைக்காரரின் சம்மதமில்லாமல் செய்யாதீர்கள்.

‘925’ முத்திரை வெள்ளிக்கு மட்டும்தான் சாட்சி. அந்த முத்திரையைக் காட்டிக் கல்லுக்கும் சேர்த்துப் பணம் வாங்குவது வெகு சாதாரணம். விலை அதிகமான கல்லென்றால், பதிப்பதற்கு முன்பே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் மூடிப் பதித்துவிட்டால் கல்லின் பாதி மறைந்துவிடுகிறது.

வாங்கிய பிறகு நடக்கும் ஒரு தவறான முடிவு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நிறம் பச்சையாக மாறியதும் “போலி” என்று கல்லைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பக்குவப்படுத்தாத கல்தான் வியர்வையையும் தேங்காயெண்ணெயையும் வாசனைத் திரவியத்தையும் உறிஞ்சி நிறம் மாறும். கொழும்பு வெயிலில் இது சீக்கிரமே நடக்கும். எண்ணெய் பூசிய தலைமுடி படும் தோட்டை விட, பென்டனாக அணிவது அந்தக் கல்லுக்கு நல்லது. குளிக்கும்போதும் கடலில் இறங்கும்போதும் கழற்றிவிடுங்கள். சோப்பும், நகை கழுவும் அல்ட்ராசோனிக் இயந்திரமும் வேண்டாம். மெல்லிய ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

பற்றுச்சீட்டில் எழுதியது ஒன்று, கல் வேறொன்று என்று பிறகு தெரியவந்தால் முதலில் கடைக்குப் போங்கள். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைத்து முறையிடலாம். அப்போது கையில் அந்தச் சீட்டு இருக்க வேண்டும்.